அடுப்பு மூட்டாத நாள்

யூதர்கள்: நம்பிக்கையும் நடைமுறையும் – 6

மகாராஷ்டிரத்தின் கொங்கண் கரையில், அலிபாகைச் சுற்றியுள்ள கிராமங்களில் செக்காட்டிப் பிழைத்த குடும்பங்கள் சில இருந்தன. பேச்சு மராத்தி. பெண்கள் உடுத்தியது சேலை. ஊர்ப்பெயரோடு ‘கர்’ சேர்த்துக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் பழக்கம்கூட அந்தப் பக்கத்து வழக்கப்படிதான். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஊரோடு ஒட்டவில்லை. சனிக்கிழமை வந்தால் இவர்கள் வீட்டுச் செக்கு சுற்றாது. கொட்டடியில் மாடு அசைபோட்டுக்கொண்டிருக்கும். இதைப் பார்த்த ஊரார் இவர்களுக்கு வைத்த பெயர் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமைச் செக்காட்டிகள்.

இவர்கள்தான் பெனே இஸ்ரேல் எனப்படும் இந்திய யூதர்கள். நவ்காவ் கரையருகே ஒரு கப்பல் உடைந்து, ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் மட்டும் தப்பிக் கரையேறினார்கள், அவர்கள் வழி வந்தவர்கள் நாங்கள் என்பது அவர்கள் சொல்லிவரும் கதை. எந்த நூற்றாண்டு என்பதில் ஆளுக்கொரு கணக்கு உண்டு. ஏடுகள் கடலோடு போயின. எபிரேய மொழி மறந்துபோனது. தலைமுறை தலைமுறையாக மிச்சமிருந்தவை கொஞ்சம்தான்: ‘ஷெமா’ பிரார்த்தனை, பிறந்த எட்டாம் நாள் ஆண் குழந்தைக்குச் சுன்னத்து, செதிள் இல்லாத மீனைத் தொடாமலிருப்பது, பிறகு இந்தச் சனிக்கிழமை. வெளியிலிருந்து வந்த டேவிட் ரஹாபி என்ற யூதர் இந்த அடையாளங்களைப் பார்த்துத்தான், அட, நம்மவர்கள் என்று கண்டுகொண்டாராம்.

சென்ற வாரம் கி.பி. 70-ல் ரோமானியர் ஜெருசலேம் ஆலயத்தைக் கொளுத்தியதையும், யோகனான் பென் ஸக்காய் என்ற ரபி யாவ்னே என்ற சிற்றூருக்குப் போய்ப் பாடசாலை அமைத்ததையும் பார்த்தோம். ஆலயம் போனதும் பலி நின்றது. பலி நின்றதும் குருக்களுக்கு வேலை இல்லாமல் போனது. ஒரே கோயில், ஒரே பலிபீடம் என்று வைத்திருந்த மதம் பிறகு எதைப் பற்றிக்கொண்டு பிழைத்தது என்ற கேள்வியோடு நிறுத்தியிருந்தேன். ஏடு, மொழி, குரு என எல்லாவற்றையும் இழந்த கொங்கண் செக்காட்டிகளிடம் எது எஞ்சியதோ, அதில்தான் பதிலின் பெரும்பகுதி இருக்கிறது. ஒரு கிழமை. அதற்குப் பெயர் ஷபாத்.

யூத மதத்தில் என்னென்ன நம்ப வேண்டும் என்று ஒரு யூதரிடம் கேட்டால் பெரும்பாலும் தெளிவான பதில் கிடைக்காது. 12-ம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடஸ் பதின்மூன்று கொள்கைகளைத் தொகுத்துக் கொடுத்தார். அவற்றைப் பற்றியும் பின்னால் வந்தவர்கள் சண்டை போட்டார்கள். ஆனால் சனிக்கிழமை என்னென்ன செய்ய மாட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கடவுள் உலகைப் படைத்தது, எகிப்தில் அடிமையாகக் கிடந்தது, சினாய் மலையில் சட்டம் வந்தது, அந்தச் சட்டத்தை ரபிகள் இழைபிரித்து வாதாடியது என்று எல்லாம் வரிசையாக வந்து விழும்.

பத்துக் கட்டளைகளில் நான்காவது இது. யூத வேதமான தோராவில் அந்தக் கட்டளைகள் இரண்டு இடங்களில் வருகின்றன. யாத்திராகமத்தில் சொல்லும் காரணம், கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தார், நீயும் ஓய்வெடு என்பது. உபாகமத்தில் காரணம் வேறு. நீ எகிப்தில் அடிமையாக இருந்தவன், அதை மறக்காதே என்கிறது. முதல் காரணம் வானத்தைப் பார்க்கிறது, இரண்டாவது முதுகுத் தழும்பைப் பார்க்கிறது. இரண்டில் எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். அடிமைக்கு விடுமுறை கிடையாது. தன் ஒரு நாளைத் தானே நிறுத்திவைக்க முடிகிறவன்தான் விடுதலையானவன். அதனால்தான் ஓய்வு வீட்டுத் தலைவனுக்கு மட்டும் என்று சட்டம் நிற்கவில்லை. வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, வாசலுக்குள் தங்கியிருக்கும் அந்நியன் வரை எல்லோருக்கும் அன்று ஓய்வு.

ரோமானியருக்கு இது வேடிக்கையாக இருந்தது. வாழ்நாளில் ஏழில் ஒரு பங்கைச் சோம்பலில் வீணடிக்கிறார்கள் என்று தத்துவஞானி செனக்கா ஏளனம் செய்திருக்கிறார். ஏழாம் நாள் சோம்பல் ருசித்துப்போய் ஏழாம் ஆண்டையும் சும்மா விட்டுவிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதினார். ஏழாம் ஆண்டு நிலத்தைத் தரிசாகப் போடும் ‘ஷ்மிட்டா’ வழக்கத்தைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார். அடிமைகளின் உழைப்பில் நடந்த ஒரு சாம்ராஜ்யத்துக்கு, வேலையாளுக்கும் மாட்டுக்கும் சேர்த்து வாரம் ஒருநாள் ஓய்வு என்பது பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரிந்திருக்கும்.

சரி, வேலை செய்யாதே என்றாகிவிட்டது. எது வேலை?

தோரா இங்கே கையை விரித்துவிடுகிறது. நெருப்பு மூட்டாதே என்கிறது, இன்னும் ஓரிரண்டைக் கோடிகாட்டுகிறது, அவ்வளவுதான். மிச்சத்தை ரபிகள் தேடினார்கள். அவர்கள் தேடிய விதம்தான் அழகு. பாலைவனத்தில் கடவுளுக்குக் கூடாரம் அமைக்கும் விவரங்களைச் சொல்லிக்கொண்டு வரும் தோரா, அங்கேயே ஷபாத் கட்டளையையும் சொல்கிறது. இரண்டும் அடுத்தடுத்து வருவது தற்செயல் அல்ல என்று ரபிகள் எடுத்துக்கொண்டார்கள். கூடாரம் அமைக்க என்னென்ன தொழில்கள் தேவைப்பட்டனவோ அவையே வேலை, அவைதான் ஷபாத்தில் விலக்கு. ஏறத்தாழ கி.பி. 200-ல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற ரபிகளின் சட்டநூல் அவற்றை 39 என்று எண்ணிவைத்திருக்கிறது. விதைப்பது, உழுவது, அறுப்பது, போரடிப்பது, தூற்றுவது, அரைப்பது, பிசைவது, சுடுவது என்று ரொட்டிக்குப் பதினொன்று. கம்பளி கத்தரிப்பதில் தொடங்கித் தையல் வரை துணிக்குப் பதின்மூன்று. வேட்டை, தோல், எழுத்து என்று ஒன்பது. கட்டுவது, இடிப்பது, தீ மூட்டுவது, அணைப்பது, வேலையை முடித்துவைக்கும் கடைசித் தட்டு, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமப்பது என்று ஆறு.

இந்தப் பட்டியலில் உடல் அலுப்புக்கு இடமே இல்லை. கனத்த மேஜையை வீட்டுக்குள்ளேயே இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு இழுத்து வேர்த்து விறுவிறுத்தால் அது இந்த 39-ல் வராது. ஒரு தீக்குச்சியைக் கிழித்தால் வரும். கைக்குட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாலும் வரும். ரபிகள் நிறுத்தச் சொன்னது உழைப்பை அல்ல, ஆக்குவதை. ஆறு நாளும் உலகத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறாய், ஏழாம் நாள் இருக்கிறபடி விட்டுவிடு என்பதே இந்த 39-க்கும் அடியில் ஓடும் எண்ணம்.

அதன் நுணுக்கத்துக்கு ஒரு சோறு பதம்: பொறுக்குவது. அரிசியில் கல் கிடக்கிறது. கல்லைப் பொறுக்கி எறிந்தால் அது ‘பிரித்தெடுக்கும்’ தொழில், ஆகவே விலக்கு. அதே அரிசியைக் கையால், உடனே தேவைப்படும் அளவுக்குக் கல்லிலிருந்து எடுத்துக்கொண்டால் குற்றமில்லை. வேண்டியதை எடுக்கலாம், வேண்டாததை நீக்கக் கூடாது. மீனிலிருந்து முள் எடுப்பதற்கும் இதே விதிதான். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் முள் நீக்கி அரைத்து உருண்டை பிடித்த ‘கெஃபில்டே’ மீனை வெள்ளிக்கிழமையே செய்துவைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பார்கள். குடையை விரித்தால் கூடாரம் கட்டியதாகிவிடும் என்பதால் மழை பெய்தாலும் குடை இல்லை. கழிவறைக் காகிதத்தை முதல்நாளே கிழித்து அடுக்கிவைப்பார்கள். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் விளக்கெரியும், எனவே வெள்ளிக்கிழமையே அந்தப் பல்பைக் கழற்றிவிடுவார்கள். பணத்தையும் பேனாவையும் தொடுவதே இல்லை.

மின்சாரம் வந்தபோது ரபிகளுக்கு நல்ல தீனி கிடைத்தது. ஒளிரும் இழை நெருப்பேதான் என்றார்கள் ஒரு சாரார். விளக்கு சரி, விசிறியில் நெருப்பு எங்கே இருக்கிறது? ஹசோன் இஷ் என்று அறியப்பட்ட ரபி காரெலிட்ஸ், சுற்றை இணைப்பது ஒன்றைக் கட்டி முடிப்பதற்குச் சமம், ஆகவே அது ‘கட்டுதல்’ என்றார். ஜெருசலேமின் ரபி ஷ்லோமோ ஸல்மான் அவர்பாக் அந்த வாதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, மின்சாரத்தை விலக்கச் சட்டத்தில் நேரடி ஆதாரம் எதுவும் இல்லை, ஆனாலும் விலக்குவதே வழக்கமாகிவிட்டது, வழக்கத்தை மீறக் கூடாது என்று முடித்தார். முடிவு ஒன்றுதான். ஆனால் அதற்குப் போன வழி எது என்பது இவர்களுக்கு உயிர்போகிற விஷயம்.

இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் நியூயார்க்கில் ஒரு யூத மதக்கல்லூரியில் தங்கியிருந்தபோது இளம் ரபிகள் சிலர் அவரைச் சூழ்ந்துகொண்டு, மின்சாரம் நெருப்பா என்று கேட்டார்கள். அடடா, அறிவியலில் இவ்வளவு ஆர்வமா என்று மகிழ்ந்துபோனவருக்கு, அவர்கள் கவலையெல்லாம் சனிக்கிழமை லிஃப்ட் பொத்தானை அழுத்தலாமா என்பதைப் பற்றித்தான் என்று தெரிந்ததும் சப்பென்றாகிவிட்டது. ஃபைன்மனே யூதக் குடும்பத்தில் பிறந்தவர். உலகம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்ளாமல் பழைய ஏட்டுக்குள்ளேயே சுற்றுகிறார்களே என்று தன் நூலில் அங்கலாய்த்திருக்கிறார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை அவர் தவறவிட்டார் என்று நினைக்கிறேன். அந்த இளைஞர்கள் கேட்டது எலெக்ட்ரான் பற்றியே அல்ல. பொத்தானை அழுத்தும் விரல் எதையாவது புதிதாக ஆக்குகிறதா என்பதே அவர்கள் கேள்வி.

லிஃப்டுக்கு வழி பிறந்தது. ஒவ்வொரு மாடியிலும் தானாகவே நின்று, கதவைத் திறந்து மூடிக்கொண்டு மேலும் கீழும் போய்வரும் ‘ஷபாத் லிஃப்ட்’ இஸ்ரேலின் மருத்துவமனைகளிலும் ஓட்டல்களிலும் சாதாரணம். விளக்குகளுக்கு வெள்ளிக்கிழமையே டைமர் வைத்துவிடலாம். யூதரல்லாத பக்கத்து வீட்டுக்காரர் வந்து விளக்குப் போடுவது பழைய ஏற்பாடு. அதிலும் போடு என்று நேரடியாகச் சொல்லக் கூடாது, இருட்டாக இருக்கிறதே என்று காற்றோடு பேச வேண்டும். பின்னாளில் அமெரிக்க வெளியுறவு அமைச்சரான காலின் பவல், சிறுவனாக இருந்தபோது தன் பேட்டையிலிருந்த சினகாகில், அதாவது யூதத் தொழுகைக் கூடத்தில், இப்படி விளக்குப் போட்டு அணைத்துச் சில்லறை சம்பாதித்தவர்.

எல்லாவற்றையும் மிஞ்சியது ‘ஏருவ்’. தெருவில் எதையும் சுமக்கக் கூடாதென்றால் கைக்குழந்தையோடு தாய் எப்படிச் சினகாகுக்கு வருவாள்? வீட்டுக்குள் சுமக்கலாம் என்பதால், ஊரையே ஒரு வீடாக்கிவிட்டார்கள். கம்பம் நட்டு, மேலே ஒரு கம்பியை ஓட்டினால் அது சட்டத்தின் பார்வையில் நிலைப்படி. நிலைப்படிகளை வரிசையாக வைத்தால் சுவர். சுவருக்குள் இருப்பது ஒரே முற்றம். முற்றம் பொது என்பதற்கு அடையாளமாக எல்லோர் சார்பிலும் கொஞ்சம் ரொட்டியை ஓரிடத்தில் வைத்திருப்பார்கள். யூதரல்லாதவர்களும் குடியிருக்கும் இடமாதலால் நகர நிர்வாகத்திடம் பெயரளவுக்கு ஒரு தொகை கொடுத்து அந்தப் பரப்பை வாடகைக்கும் எடுத்துக்கொள்வார்கள். நியூயார்க்கின் மன்ஹாட்டனில் பெரும்பகுதி இப்படியொரு கம்பிக்குள் இருக்கிறது. வாரந்தோறும் கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்த்துவர ஆள் உண்டு. வடமேற்கு லண்டனில் இதை அமைக்கப் பல ஆண்டுகள் தகராறு நடந்து, 2003-ல்தான் நடைமுறைக்கு வந்தது. எதிர்த்தவர்களில் யூதர்களும் இருந்தார்கள்.

வெளியிலிருந்து பார்க்கிறவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது கடவுளின் காதில் பூச்சுற்றுவது இல்லையா? வைதிக யூதரின் பதில் சுவாரஸ்யமானது. சட்டம் எழுதியவருக்கு எல்லாம் தெரியும். சுவரில் ஒரு துவாரம் இருந்தால், அதையும் அவர்தான் வைத்திருக்கிறார். நுழைந்து வரத் தெரிந்தவன் சட்டத்தை ஒழுங்காகப் படித்தவன். எனக்கு இதில் பாதிதான் சம்மதம். யூதர்களுக்குள்ளும் எல்லோருக்கும் சம்மதம் இல்லை. ஏருவில் நம்பிக்கை இல்லாமல், கம்பி இருந்தாலும் தெருவில் எதையும் தூக்காத யூதர்களும் உண்டு.

இவ்வளவு ‘கூடாது’களைப் படித்த பிறகு, ஷபாத் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்காரும் நாள் என்று தோன்றலாம். நேர்மாறு. விரதமென்றால் பட்டினி என்று பழகியவர்கள் நாம். ஷபாத்தில் பட்டினி கிடப்பதுதான் விதிமீறல். மூன்று வேளை சாப்பிட்டே ஆக வேண்டும், அதுவும் நல்ல சாப்பாடாக. வருடத்தின் மற்ற உபவாசங்கள் சனிக்கிழமையில் வந்தால் அவற்றை வேறு நாளுக்கு மாற்றிவிடுவார்கள். பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் ஒன்றுக்கு மட்டும் விலக்கு. சாவு விழுந்த வீட்டில்கூட ஏழு நாள் துக்கத்தின் நடுவே சனிக்கிழமை வந்தால் அன்று வெளிப்படையாகத் துக்கம் காட்டக் கூடாது. கணவனும் மனைவியும் கூடுவதற்கு வெள்ளி இரவு உகந்தது, அதுவே ஒரு புண்ணியம் என்கிறார்கள் ரபிகள்.

யூதர்களுக்கு நாள் தொடங்குவது அந்தியில். வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்தே வீடு பரபரக்கும். குளியல், வெள்ளை விரிப்பு, சமையல். ஜெருசலேமில் ஷபாத் நெருங்குகிறது என்று சங்கு ஊதும். பெரும்பாலான ஊர்களில் சூரியன் மறைய 18 நிமிடம் இருக்கும்போது, ஜெருசலேமில் 40 நிமிடம் இருக்கும்போது, வீட்டுப் பெண் மெழுகுவத்திகளை ஏற்றிக் கண்களைக் கையால் மூடிக்கொண்டு ஆசி சொல்வாள். சினகாகில் ஷபாத்தை மணப்பெண்ணாக வரவேற்கும் ‘லெகா தோதி’ பாட்டு. 16-ம் நூற்றாண்டில் ஸஃபேத் நகரில் இருந்த ஷ்லோமோ அல்கபெட்ஸ் எழுதியது. கடைசிக் கண்ணியில் எல்லோரும் வாசல் பக்கம் திரும்பி நிற்பார்கள், மணப்பெண் வருகிறாள் அல்லவா. பிறகு வீட்டில், குழந்தைகளின் தலையில் கைவைத்து ஆசீர்வாதம், திராட்சை மதுக் கோப்பையை ஏந்தி ‘கித்தூஷ்’, துணியால் மூடிய இரண்டு ஹல்லா ரொட்டிகள். பாலைவனத்தில் வெள்ளிக்கிழமைதோறும் மன்னா இரட்டைப் பங்காக விழுந்ததன் நினைவு அந்த இரண்டு.

சனிக்கிழமை மதியத்துக்குச் சூடான சாப்பாடு எப்படி வரும்? வெள்ளி மாலைக்குள் பானையை அடுப்பிலேற்றி, தணலை அப்படியே விட்டுவிட்டால் போதும். இரவு முழுவதும் அது தானாக வேகும். கிழக்கு ஐரோப்பாவில் இறைச்சி, பயறு, உருளைக்கிழங்கு போட்ட ‘சோலண்ட்’. ஸ்பெயினில் ‘அடஃபீனா’. பாக்தாத் யூதர்களிடம் கோழிக்குள் அரிசி அடைத்து இரவெல்லாம் வேகவைக்கும் ‘தபீத்’, அவர்களோடு பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் வந்து சேர்ந்த பண்டம். இந்தப் பானைக்குள் மதச்சண்டையும் வெந்திருக்கிறது. ரபிகளின் விளக்கத்தை ஏற்காமல் தோராவின் எழுத்தை மட்டும் ஏற்ற ‘காராயர்’ பிரிவினர், நெருப்பு மூட்டாதே என்றால் வீட்டில் நெருப்பே இருக்கக் கூடாது என்று வெள்ளி இரவை இருட்டில் கழித்தார்கள். அவர்களுக்குப் பதிலடியாக, ஷபாத்தில் சூடாகச் சாப்பிடாதவனை மதத்துரோகியோ என்று சந்தேகிக்க வேண்டும் என்று 12-ம் நூற்றாண்டு ரபி ஒருவர் எழுதிவைத்தார். சூடான சாப்பாடே கொள்கைப் பிரகடனம்!

வழிபாட்டிலும் ஒரு மாற்றம் உண்டு. எனக்கு இந்த நாளின் மிக அழகான பகுதி அதுதான். வாரநாளில் மூன்று வேளையும் சொல்லும் ‘அமிதா’ பிரார்த்தனையில் 19 ஆசிகள். உடல்நலம் கொடு, விளைச்சல் கொடு, அறிவு கொடு, பகைவரை ஒடுக்கு என்று நடுவில் ஒரு நீண்ட விண்ணப்பம். ஷபாத்தில் அந்த நடுப்பகுதியை எடுத்துவிட்டு ஏழே ஆசிகளோடு முடித்துக்கொள்வார்கள். கோயிலுக்குப் போய் ஒன்றுமே கேட்காமல் திரும்புவது எவ்வளவு கடினம் என்பது நமக்குத் தெரியும்.

கடுமையான இந்தச் சட்டத்துக்கு மேலே ஒரு சட்டம் உண்டு. அது இரத்தம் சிந்தித்தான் வந்தது. கி.மு. 167-ஐ ஒட்டி, கிரேக்க மன்னன் நான்காம் அந்தியோகஸ் யூத வழக்கங்களைத் தடை செய்தபோது ஒரு கூட்டம் பாலைவனக் குகைகளில் போய் ஒளிந்தது. படை அவர்களைத் தேடிப் போய் ஷபாத் அன்று தாக்கியது. ஒரு கல்லைக்கூட எடுத்து எறியாமல் ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டார்கள். செய்தி கேட்ட கிளர்ச்சித் தலைவர் மத்ததியாவும் அவருடைய பிள்ளைகளான மக்கபேயரும் உட்கார்ந்து யோசித்தார்கள். இப்படியே போனால் ஷபாத்தை அனுசரிக்க ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். இனித் தாக்கினால் சனிக்கிழமையும் சண்டையிடுவோம் என்று முடிவெடுத்தார்கள்.

பின்னால் வந்த ரபிகள் இதை விரிவாக்கினார்கள். சட்டம் தரப்பட்டது அதன்படி வாழ்வதற்கு, சாவதற்கல்ல. உயிருக்கு ஆபத்து என்றால், ஆபத்தோ என்ற சந்தேகம் இருந்தாலே, ஷபாத் விலகிக்கொள்ளும். அடுப்பு மூட்டலாம், இன்று வண்டியும் ஓட்டலாம். அந்த நேரத்தில் செய்யலாமா என்று ரபியிடம் கேட்டுக்கொண்டு நிற்பது தவறு. மைமோனிடஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். இந்த மீறலைக் குழந்தைகளிடமோ யூதரல்லாதவரிடமோ தள்ளிவிடாதீர்கள், கற்றறிந்த பெரியவர்களே முன்னின்று செய்யட்டும் என்றார். நியூயார்க்கின் வைதிக யூதப் பேட்டைகளில் ‘ஹட்ஸாலா’ ஆம்புலன்ஸைச் சனிக்கிழமை ஓட்டுகிறவர்கள் அந்த வைதிகர்கள்தான்.

பைபிள் படித்த வாசகர்களுக்கு இங்கே ஒரு காட்சி ஞாபகம் வரும். இயேசுவின் சீடர்கள் ஓய்வுநாளில் பயிர்வழியே போகும்போது கதிர்களைக் கொய்கிறார்கள், பரிசேயர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். கதிர் கொய்வது 39-ல் ‘அறுப்பது’. சூம்பின கையைக் குணமாக்கியது பற்றிய வழக்கிலும் கேள்வி இதுதான்: உயிருக்கு ஆபத்தில்லாத நோய்க்கு நாளைவரை பொறுக்கலாமா? சுவிசேஷத்தில் வில்லன்களாக வரும் இந்தப் பரிசேயர்களின் வாரிசுகள்தான் பின்னால் மிஷ்னாவைத் தொகுத்த ரபிகள். ஓய்வுநாள் மனிதனுக்காகவா, மனிதன் ஓய்வுநாளுக்காகவா என்ற கேள்விக்கு இயேசு சொன்ன அதே பக்கத்துப் பதிலை ரபிகளின் ஏடுகளிலும் காணலாம். இரண்டு மதங்களின் மோதலாக நாம் வாசித்துப் பழகியது, உண்மையில் ஒரே வீட்டுக்குள் நடந்த வாக்குவாதம்.

ஷபாத் காட்டிக்கொடுத்த காலமும் உண்டு. 15-ம் நூற்றாண்டு ஸ்பெயினில் கட்டாயத்தால் கிறிஸ்தவர்களாகி, வீட்டுக்குள் யூதர்களாகவே இருந்தவர்களைப் பிடிக்க மத விசாரணை மன்றம் அடையாளப் பட்டியல்களை வெளியிட்டது. வெள்ளிக்கிழமை விரிப்பு மாற்றுகிறார்களா? முன்கூட்டியே விளக்கேற்றுகிறார்களா? சனிக்கிழமை புகைபோக்கியில் புகை வருகிறதா? குளிர்காலத்தில் கூரைமேல் புகை காணாத வீடு ஒற்றர்களுக்குப் போதுமான சாட்சி. 1560-ல் கோவாவில் போர்த்துக்கீசியர் நிறுவிய விசாரணை மன்றமும் இந்த ‘புதிய கிறிஸ்தவர்’களைத் தேடித்தான் முதலில் கிளம்பியது.

வார்சாவில் 1907-ல் பிறந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்தவரும், நாஜிகளிடம் தாயையும் சகோதரிகளையும் பறிகொடுத்தவருமான ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷல் 1951-ல் ஷபாத் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். மற்றவர்கள் இடத்தைப் பிடித்துக் கல்லால் கோயில் எழுப்பினார்கள், யூதர்கள் காலத்தில் எழுப்பினார்கள் என்பது அதன் சாரம். கவிதைபோல் இருந்தாலும் வரலாற்றுக் கணக்கு சரிதான். ஜெருசலேம் ஆலயத்தைக் கொளுத்த ரோமானியத் தளபதி டைட்டஸின் படைக்குத் தீப்பந்தங்கள் போதுமாக இருந்தன. வெள்ளிக்கிழமை அந்தியைக் கொளுத்துவதற்கு எந்தப் படையாலும் ஆகாது. பலிபீடத்தின் இடத்துக்குச் சாப்பாட்டு மேஜை வந்தது, குருக்களின் இடத்துக்கு வீட்டுக்காரர்கள் வந்தார்கள். மூட்டை கட்டிக்கொண்டு பாக்தாத், டொலீடோ, கொச்சி என்று எங்கே போனாலும் கூடவே வரும் கோயில் அது.

நடந்தே சினகாகுக்குப் போக வேண்டும் என்ற விதி இன்னொரு காரியமும் செய்தது. ஒருவரை ஒருவர் நடந்து எட்டும் தூரத்தில் குடியிருக்க வைத்தது. அமெரிக்காவில் புறநகர்களுக்குச் சிதறிப்போன யூதர்களைப் பார்த்துவிட்டு, 1950-ல் கன்சர்வேடிவ் பிரிவின் ரபிகள் சினகாகுக்கு மட்டும் கார் ஓட்டி வரலாம் என்று அனுமதித்தார்கள். வராமலே இருப்பதைவிட வண்டியில் வருவது மேல் என்பது கணக்கு. அதே அனுமதியால்தான் சமூகம் இன்னும் சிதறியது என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே பின்னாளில் குறைபட்டுக்கொண்டார்கள். சீர்திருத்தப் பிரிவினரோ 39 விலக்குகளும் தங்களைக் கட்டுப்படுத்தாது என்று எப்போதோ நகர்ந்துவிட்டார்கள்.

இஸ்ரேலில் இது வீட்டு விவகாரம் அல்ல, அரசியல். நாடு பிறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1947-ல், பென் குரியன் வைதிகக் கட்சியினருக்கு எழுதிய கடிதத்திலேயே சனிக்கிழமைதான் ஓய்வுநாள் என்று வாக்களித்திருந்தார். எல் அல் விமானங்கள் அன்று பறப்பதில்லை. பெரும்பாலான ஊர்களில் பேருந்து கிடையாது. ஹைஃபா பழைய விதிவிலக்கு. டெல் அவிவ் மாநகராட்சி 2019-ல் தன் செலவில் வார இறுதிப் பேருந்துகளை விட்டபோது பெரிய சச்சரவு. கடற்கரையில் குளித்துக்கொண்டிருக்கும் மதச்சார்பற்ற இஸ்ரேலியரும், தெருவை மறித்து ‘ஷபாத், ஷபாத்’ என்று காரைப் பார்த்துக் கூவும் கறுப்புக் கோட்டுக்காரரும் அதே ஒரு நாளுக்குத்தான் உரிமை கொண்டாடுகிறார்கள்.

உச்சம் 1976-ல் நடந்தது. அமெரிக்காவிலிருந்து வாங்கிய முதல் எஃப்-15 போர்விமானங்கள் டிசம்பர் 10, வெள்ளிக்கிழமை வந்திறங்கின. விமானத்தளத்தில் பிரதமர் இட்ஸாக் ராபின் முன்னிலையில் வரவேற்பு விழா. அது சற்று நீண்டு, விருந்தினர்கள் வீடு திரும்புவதற்குள் ஷபாத் தொடங்கிவிட்டது. அரசே ஷபாத்தை மீறியது என்று வைதிகக் கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தது. கூட்டணியிலிருந்த தேசிய மதக்கட்சியைச் சேர்ந்தவர்கள் வாக்களிக்காமல் ஒதுங்கினார்கள். ராபின் அந்தக் கட்சி அமைச்சர்களை நீக்கினார், பெரும்பான்மை போனது, ராஜினாமா செய்தார். வேறு புகைச்சல்களும் அப்போது இருந்தன, ஷபாத் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் 1977 தேர்தலில் மெனாகெம் பெகின் ஜெயித்து, தொழிற்கட்சியின் 29 ஆண்டு ஆட்சி முடிவுக்கு வந்ததற்குப் பிள்ளையார் சுழி போட்டது அந்த வெள்ளிக்கிழமைதான்.

அடுத்த வாரம் சமையலறைக்குள் போகலாம். இறைச்சிக்கு ஒரு பாத்திரம், பாலுக்கு ஒரு பாத்திரம், வசதி இருந்தால் இரண்டுக்கும் தனித்தனித் தொட்டி. ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே என்ற ஒற்றை வரியிலிருந்து இத்தனையும் எப்படி முளைத்தன என்று பார்ப்போம்.

(தொடரும்)